பட்டன் போன் வாங்கப் போகிறீர்களா? முதலில் டவரைக் கேளுங்கள்

"பேசினா தெளிவா கேக்கணும், சார்ஜ் நாலு நாள் நிக்கணும், கீழ விழுந்தா உடையக் கூடாது. வேற எதுவும் வேண்டாம்." சாதாரண போன் தேடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். வயதான அம்மா அப்பாவுக்கு வாங்குகிறவர்கள், தூசியிலும் ஈரத்திலும் வேலை செய்கிறவர்கள், பிள்ளைக்கு முதல் போன் வாங்குகிறவர்கள், நாளெல்லாம் திரையைத் தேய்த்துச் சலித்துப் போனவர்கள் என எல்லோருடைய தேவையும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

சின்ன ஆசைதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இது இன்றைவிடச் சுலபமாக நிறைவேறியது. அன்று எந்தப் பட்டன் போனை எடுத்தாலும் சிம்மைப் போட்டதும் பேசியது. இன்று போன் எளிமையாக இருக்கிறது, அது பேசுகிற நெட்வொர்க் அப்படி இல்லை. அதனால் வசதி குறைந்த போன் வாங்குகிறவர்தான், டச் போன் வாங்குகிறவரைவிட ஒரு கேள்வி அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வசதிகளின் பட்டியல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

எளிய போன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2003 இறுதியில் வந்த நோக்கியா 1100 நல்ல உதாரணம். 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது. கேமரா இல்லை, கலர் திரை இல்லை. உச்சியில் ஒரு டார்ச், தூசி உள்ளே போகாதபடி மூடிய கீபேட், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். அந்தப் போனில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மின்சாரம் நிற்காத ஊரில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு டார்ச் தேவையில்லாத வசதிதான், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இருப்பவருக்கு அதுதான் முதல் வசதி. எனவே எது வேண்டாத வசதி என்பதை வாங்குகிறவரின் நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். விளம்பரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

சரி, நெட்வொர்க்குக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம்.

ஜிஎஸ்எம் எனப்படும் 2ஜி முறையில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் நடந்தது. உலகம் முழுக்கப் பரவிய பழைய பட்டன் போன்களில் பெரும்பாலானவை இந்த முறைக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் அலைக்கற்றை அளவோடுதான் கிடைக்கும். 2ஜிக்கு ஒதுக்கிய அதே அலைக்கற்றையை 4ஜிக்கோ 5ஜிக்கோ மாற்றினால் பல மடங்கு தகவல் போகும், பழைய கருவிகளைப் பராமரிக்கும் செலவும் மிச்சம். எனவே நிறுவனங்கள் பழைய சேவையை ஒவ்வொன்றாக மூடுகின்றன. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2017 தொடக்கத்திலேயே 2ஜியை முடித்துக்கொண்டது. 2022 முடிவதற்குள் அங்கே மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜியையும் மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜி போனது. ஜெர்மனியில் கதை வேறு: 2021இல் 3ஜியை மூடினார்கள், அதைவிடப் பழைய 2ஜியை விட்டுவைத்தார்கள். இந்தியாவில் 2016இல் தொடங்கிய ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. ஆரம்பித்ததே 4ஜியில்தான். ஆக, எது மூடும், எது நீடிக்கும் என்று பொதுவாக ஒரு விதி சொல்லிவிட முடியாது. உங்கள் சிம் எந்த நிறுவனத்துடையதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

"அப்படியானால் 4ஜி என்று எழுதியிருக்கும் பட்டன் போனை வாங்கினால் முடிந்தது" என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 4ஜி முழுக்க முழுக்க இணையத் தகவலுக்காக வடிவமைக்கப்பட்டது. குரலுக்கென்று தனி வழி அதில் இல்லை. அதனால் தொடக்க கால 4ஜி போன்கள், அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு இறங்கி 3ஜிக்கோ 2ஜிக்கோ போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தன. 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் முறை பின்னால் வந்தது. அதைத்தான் வோல்ட்டி என்கிறோம். வோல்ட்டி இல்லாத 4ஜி போனை, பழைய சேவைகள் மூடப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், இணையம்கூட ஓடும், ஆனால் அழைக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. போனில் வோல்ட்டி இருந்தாலும், உங்கள் சிம் நிறுவனம் அந்த மாடலைச் சோதித்து ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் அமைப்பைச் சற்றே வேறுவிதமாக வைத்திருப்பதால், வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த போன் இங்கே இணையத்தில் வேலை செய்து, பேச்சில் மட்டும் மக்கர் பண்ணுவது சகஜம்.

இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். போனில் உங்கள் சிம்மைப் போடுங்கள். திரையின் மேல் மூலையில் 4ஜி என்று காட்டும். யாரையாவது அழைத்து, மணி அடிக்கும்போதே அந்த மூலையைக் கவனியுங்கள். 4ஜி குறி அப்படியே நின்றாலோ, பக்கத்தில் எச்டி என்று ஒரு குறி வந்தாலோ நல்லது. அழைத்த மாத்திரத்தில் அது 3ஜி என்றோ, 2ஜியைக் குறிக்கும் ஜி, இ எழுத்துகளாகவோ மாறினால், அந்தப் போன் பேசுவதற்குக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இன்றைக்குப் பேசும், பழைய சேவை மூடும் நாளில் நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் 3ஜியை மூடும் நேரத்தில் இதைவிடக் கவலையான ஒன்று தெரியவந்தது. சில போன்கள் சாதாரண அழைப்புக்கு 4ஜியைப் பயன்படுத்தின, ஆனால் 000 என்ற அவசர எண்ணை அழைத்தால் மட்டும் 3ஜியைத் தேடின. அன்றாடம் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஆம்புலன்ஸ் தேவைப்படுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரியும். கடைசியில் அத்தகைய போன்களை நெட்வொர்க்கிலிருந்தே நீக்கும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு அரசே உத்தரவிட வேண்டியிருந்தது. பெற்றோருக்கு வாங்கும் எளிய போனில் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது வோல்ட்டியை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பேன்.

அலைவரிசையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். 1800க்கு மேலே போகப் போக வேகம் கொடுக்கலாம், ஆனால் எட்டும் தூரம் குறையும். விலை குறைந்த போன்களில் சில தாழ்ந்த அலைகளை விட்டுவிடுவது உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் போனில் சிக்னல் இருந்து, அதே நிறுவனத்தின் சிம் உங்கள் போனில் தடுமாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது பேட்டரி. பெட்டியில் "30 நாள் ஸ்டாண்ட்பை" என்று போட்டிருந்தால் அது பொய் அல்ல, ஆனால் உங்கள் வீட்டில் நடக்கப்போவதும் அல்ல. சும்மா கிடக்கும் போன் உண்மையில் தூங்குவதில்லை. எனக்கு அழைப்பு ஏதும் உண்டா என்று ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை விழித்து, டவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடும். டவர் பக்கத்தில் இருந்தால் இதற்குப் பெரிதாகச் சக்தி தேவைப்படாது. டவர் தூரத்தில் இருந்தால் போன் அடிக்கடி வேறு டவரைத் தேடும், பதில் சொல்லும்போது உரக்கக் கத்தும். 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் சக்தி வரை அனுப்பும், டவர் அருகில் இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும். (பழைய ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே "டிர்ர் டிர்ர்" என்று கேட்குமே, அது இந்தச் சக்தி விட்டு விட்டு வெளிப்படும் சத்தம்தான்.) சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும் வீட்டில் எந்தப் போனும் பெட்டியில் போட்ட கணக்குக்கு நிற்காது. அதற்குப் போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

4ஜி பட்டன் போனில் இணையம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அதே அளவு பேட்டரி இருந்தாலும் பழைய 2ஜி போன் அளவுக்கு நிற்காது. இணையமே வேண்டாம் என்பவர், அமைப்பில் போய் மொபைல் டேட்டாவை அணைத்துவிடலாம். வோல்ட்டி அழைப்பு பெரும்பாலான போன்களில் அதனால் தடைபடாது. அணைத்த பிறகு ஒருமுறை அழைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைவிட நான் முக்கியமாக நினைப்பது, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பது. லித்தியம் பேட்டரி எதுவாக இருந்தாலும் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவு குறையும். பின்மூடியை நகத்தால் திறந்து புது பேட்டரி போட முடிந்தால் அந்தப் போனுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைக்கும். நோக்கியாவின் பிஎல்-5சி என்ற பேட்டரி அத்தனை மாடல்களில் பயன்பட்டதால்தான், போன் உற்பத்தி நின்ற பிறகும் பேட்டரி கிடைத்துக்கொண்டே இருந்தது. கூடவே போலியும் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அசல் பேட்டரியே தவறலாம்: 2007இல் அந்த பிஎல்-5சி வகையில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே எச்சரித்து, இலவசமாக மாற்றித் தந்தது. தயாரித்தவர் பேர் தெரியாத பேட்டரி பற்றிக் கேட்கவே வேண்டாம். உப்பலாகத் தெரிகிற பேட்டரியை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த விஷயத்தில் சட்டமும் நம் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதில் சில விலக்குகளும் உண்டு. 2025 ஜூன் முதல் அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களின் லேபிளில், எத்தனை முறை விழுந்தாலும் தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கெல்லாம் தர எழுத்து போட வேண்டும். பட்டன் போனுக்கு இந்த லேபிள் கிடையாது. ஆனால் ஸ்மார்ட்போன் வாங்க நினைத்தால், நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், அதே மாடல் அங்கே விற்றால் அந்த லேபிளை இணையத்தில் பார்த்து முடிவெடுக்கலாம். இவ்வளவு உருப்படியான தகவலை எந்த விளம்பரமும் தராது.

சார்ஜர் துளை டைப்-சி ஆக இருப்பது நல்லது. பழைய மைக்ரோ வகையில் முள் ஒரு பக்கமாகத்தான் நுழையும். பார்வை மங்கியவர்கள் திருப்பிச் செருகி, அழுத்தி, துளையை உடைத்துவிடுகிறார்கள். பட்டன் போன்கள் முதலில் கெட்டுப்போகும் இடங்களில் இது ஒன்று.

இப்போது போனைக் கையில் எடுங்கள். 5 என்ற பட்டனை விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் ஒரு சின்னப் புள்ளியோ கோடோ புடைத்திருக்க வேண்டும். பார்வையற்றவர்களும் இருட்டில் எண் அடிப்பவர்களும் அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, 5இல் கட்டைவிரலை வைத்து, உங்கள் சொந்த எண்ணை அடியுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் எண் சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் பட்டன்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகவோ, மட்டமாகவோ இருக்கின்றன. அழகுக்காக முன்பக்கத்தைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிய மாடல்கள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ஒவ்வொரு பட்டனும் அழுத்தும்போது "டக்" என்று விரலுக்குத் தெரிய வேண்டும். கொழகொழவென்று உள்ளே போகும் பட்டன், ஓர் எண்ணுக்கு இரண்டு எண் அடிக்கும் நாள் தூரத்தில் இல்லை.

அப்புறம் சத்தம். ரிங்டோன் எவ்வளவு உரக்க அடிக்கிறது என்பதைத்தான் எல்லோரும் சோதிப்பார்கள். அதைவிட, காதில் வைத்துப் பேசும்போது எதிர்முனைக் குரல் தெளிவாக இருக்கிறதா என்பது முக்கியம். இரைச்சலான சாலையோரத்தில் நின்று ஒருவரை அழைத்துப் பாருங்கள். உங்கள் குரல் அவருக்கு எப்படிக் கேட்கிறது என்றும் கேளுங்கள். மலிவான மைக் அந்தப் பக்கத்தில்தான் காலை வாரும். காதுக்கருவி அணிபவராக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டே பேசிப் பார்க்க வேண்டும். சில போன்களோடு அது இரைச்சல் போடும்.

முதியவர்களுக்கான போன்களில் பின்பக்கம் ஒரு எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கும். பாராட்ட வேண்டிய வசதிதான். ஆனால் அது பெரும்பாலும் ஆம்புலன்ஸையோ போலீஸையோ அழைப்பதில்லை, நீங்கள் பதிந்து வைத்த குடும்பத்தினரின் எண்களை வரிசையாக அழைக்கும். எண்ணைப் பதியாவிட்டால் அந்தப் பட்டனால் பயனில்லை. ஜிபிஎஸ் இல்லாத போன் என்றால், விழுந்தவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அது சொல்லாது. வாங்கிய அன்றே எண்களைப் பதிந்து, அவர்கள் கையாலேயே ஒருமுறை அழுத்த வைத்து, யாருக்கு மணி அடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

தமிழில் செய்தி வருபவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும், தமிழ் உள்ளிட்ட யூனிகோடு மொழிகளில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகவே கணக்கில் வரும்; "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. எனவே தமிழ்ச் செய்திகள் துண்டு துண்டாகப் பிரிந்துதான் பயணிக்கின்றன. நல்ல போன் அவற்றைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும். தமிழ் எழுத்துரு இல்லாத போன் வெறும் கட்டங்களைக் காட்டும். இன்னும் சில போன்கள் கொம்பை ஒரு பக்கமும் எழுத்தை ஒரு பக்கமும் போட்டுக் குழப்பும். வாங்குவதற்கு முன், உங்கள் பழைய போனிலிருந்து "கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்" என்று ஒரு செய்தி அனுப்பினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேண்டாத வசதி எது என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். டார்ச், எப்எம் ரேடியோ, அலாரம், மெமரி கார்டு: இவற்றால் தொல்லை ஒன்றும் இல்லை, எதையும் கேட்காமல் மூலையில் கிடக்கும். கேமராவும் அப்படித்தான், மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வைக்க ஒரு சுமாரான கேமரா உதவும். தொல்லை தருபவை, இன்னொருவருடைய சர்வரை நம்பி இயங்கும் வசதிகள். கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் பட்டன் போன்களில் வாட்ஸ்அப் வந்தது. அதை நம்பியே பலர் வாங்கினார்கள். 2024 நடுவில், புதிதாக அதை நிறுவ முடியாதபடி நிறுத்திவிட்டார்கள். போனில் ஒரு கீறல்கூட விழவில்லை, வாங்கிய காரணம் மட்டும் போய்விட்டது. எனவே பட்டன் போனில் இருக்கும் செயலிகளைக் கூடுதல் லாபமாக மட்டும் எண்ணுங்கள். வாட்ஸ்அப் இல்லாமல் குடும்பமோ வேலையோ நடக்காது என்றால் பட்டன் போன் உங்களுக்கு உரிய கருவி அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். சின்ன ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கி, அதில் நாலைந்து செயலிகளைத் தவிர மற்றதை நீக்கி, அறிவிப்புகளை அணைத்து வைத்தால் கிட்டத்தட்ட அதே அமைதி கிடைக்கும். அதில் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பட்டன் போன் என்றாலே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிதான் உண்மை. செயலிகள் இல்லாததால் வேவு பார்ப்பதற்கு வழி குறைவு, சரி. ஆனால் நீங்கள் எந்த டவரில் இருக்கிறீர்கள் என்பது சிம் நிறுவனத்துக்கு எப்போதும் தெரியும், எஸ்எம்எஸ்ஸும் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படுவதில்லை. 2021இல் ரஷ்யாவில் ஒரு ஆய்வாளர் விலை குறைந்த பட்டன் போன்கள் சிலவற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது, பயனருக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்புவதும் இணையத்தில் தகவல் சொல்வதும் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே பதிந்திருந்தது தெரியவந்தது. காரணம் இல்லாமல் சிம்மில் காசு குறைந்தால் போனைச் சந்தேகியுங்கள். பேர் தெரிந்த, சர்வீஸ் சென்டர் உள்ள நிறுவனத்தின் போனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் இந்த நியாயமும் இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் *#06# என்று அடியுங்கள். திரையில் வரும் 15 இலக்க எண், பின்பக்கம் பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத போனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

டச் போனிலிருந்து மாறுகிறவர்கள் தொடர்பு எண்களைக் கொண்டுவருவதில்தான் அதிகம் திணறுகிறார்கள். சிம்மில் ஏற்றினால் சாதாரணமாக 250 பெயர்கள் வரைதான் கொள்ளும், நீளமான பெயர்கள் வெட்டுப்படும், தமிழ்ப் பெயர்கள் இன்னும் சீக்கிரம். எல்லா எண்களையும் மொத்தமாகச் சேமிக்கும் விசிஎப் என்ற கோப்பாக மெமரி கார்டில் எடுத்து, புதுப் போன் அதைப் படிக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழி. வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருகிறதா, செயலிக்குள் வருகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். செயலிக்குள் வருவதாக இருந்தால், பழைய போனை அழிப்பதற்கு முன்பே ஒவ்வொரு கணக்கிலும் போய் எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி தராத கணக்குகளுக்காக, பழைய போனைச் சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் விட்டு வைக்கலாம்.